மண்டபத்து மதிலோரம்

அந்த மனுவை எழுதியது நான்தான். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மனு எழுத வேண்டும் என்றால் என்னிடம்தான் வருவார்கள். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீரில் சாக்கடை கலக்கிறது, நாய்கள் துரத்துகின்றன, எதுவாக இருந்தாலும் "பெறுநர், உயர்திரு ஆணையர் அவர்கள்" என்று தொடங்கி ஒரே பக்கத்தில் முடித்துக் கொடுத்துவிடுவேன். முப்பது வருடம் அரசு அலுவலகக் கோப்புகளோடு இருந்த கை. எந்தச் சொல்லைப் போட்டால் மேசையில் இருப்பவர் அசைவார் என்று தெரியும்.

ஊர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். தமிழ்நாட்டில் இருபது சொச்சம் மாநகராட்சிகள் இருக்கின்றன, அதில் ஒன்று. எங்கள் தெரு முனையில் ஒரு கல்யாண மண்டபம். அதன் பின்பக்க மதிலை ஒட்டி, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஐந்து குடும்பங்கள் நடைபாதையில் இருந்தன. பகலில் தார்ப்பாயைச் சுருட்டி மதில்மேல் வைத்துவிடுவார்கள். மூன்று கல் அடுப்பும் சில மூட்டைகளும் மட்டும் கண்ணில் படும். இரவு ஒன்பதுக்கு மேல் தார்ப்பாய் விரியும்.

மனுவில் நான் எழுதியது இன்னும் வரி வரியாக நினைவிருக்கிறது. "சமூக விரோதிகள் எனச் சந்தேகிக்கத்தக்க நபர்கள் நடைபாதையை ஆக்கிரமித்துத் தங்கி, பொதுமக்களுக்கு இடையூறாகவும் சுகாதாரக் கேடு விளைவிக்கும் வகையிலும் இருந்து வருவதால், அவர்களை உடனடியாக அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்." நாற்பத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

அந்த நபர்களில் ஒரு பெண் என் மகள் கல்யாணத்துக்கு அந்த மண்டபத்தில் பாத்திரம் தேய்த்தவர். மறுநாள் காலை மிச்சமிருந்த சாம்பாரை வாளியில் ஊற்றிக் கொடுத்தது என் மனைவி. தெரியாதவர்கள் இல்லை. தெரிந்துதான் எழுதினேன்.

புகார்கள் பொய்யும் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போனால் என் அக்கம்பக்கத்தாருக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். மதிலுக்கு எதிர்வீட்டில் தரைத்தளத்தில் இருக்கும் டீச்சரின் சமையலறை ஜன்னல் அந்த இடத்தைப் பார்த்துத்தான் திறக்கிறது. வெயில் காலத்தில் மூத்திர நாற்றம் தாங்க முடியாமல் ஜன்னலைச் சாத்தியே சமைத்தார். குழந்தைகள் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தன. ஒருநாள் நடுராத்திரி குடித்துவிட்டு இரண்டு பேர் பாட்டிலை உடைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ட்யூஷன் முடிந்து எட்டரை மணிக்கு வரும் பெண்பிள்ளைகள் அந்த வழியைத் தவிர்த்துச் சுற்றி வந்தார்கள். வண்டியில் பெட்ரோல் திருடு போனது. அதை அவர்கள்தான் செய்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை, ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

மனு கொடுத்த பத்தாவது நாள், காலை ஆறு மணிக்கு, ஒரு குப்பை லாரியும் ஏழெட்டு ஊழியர்களும் கூட ஒரு காவலரும் வந்தார்கள். பால்கனியில் காபியோடு நின்றிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. ஐந்து குடும்பங்களும் இதற்கு முன்னாலும் இதைப் பார்த்திருக்கிறார்கள் போல. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டார்கள். மூட்டைகளும் தார்ப்பாயும் பாத்திரங்களும் லாரியில் ஏறின. கல் அடுப்பைக் கடப்பாறையால் நெம்பினார்கள். பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்த ஊழியர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்கள் வீட்டு வாடகையே இழுபறி.

மதியம் என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் புகார் தீர்வு செய்யப்பட்டது. புகார் எண்ணும் தேதியும் இருந்தன. குழுவில் போட்டேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன.

நான்கைந்து நாள் கழித்து, பால் வாங்கப் போன இடத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கும் அம்மா. நான் பார்க்காத மாதிரி போயிருக்கலாம், ஆனால் அவரே கூப்பிட்டார்.

"சார், நீங்க ஆபீசுல இருந்தவருதானே. ஒரு வெவரம் கேக்கணும்."

"சொல்லும்மா."

"குப்பைன்னு ஏத்திட்டுப் போயிட்டாங்க சார். அதுல எம் பொண்ணு டி.சி. இருந்துச்சு. எட்டாவது முடிச்சு, வேற ஸ்கூல்ல போடறதுக்கு வாங்கி வெச்சிருந்தேன். ஜி.எச். சீட்டும் அதே கவர்லதான். திருப்பித் தருவாங்களா?"

மனு எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. இன்றுவரை தெரியுமா என்றும் தெரியாது. அன்றைக்கு அவரோடு போனேன். வார்டு அலுவலகத்தில் கேட்டபோது, எடுத்தது எல்லாம் அன்றே கிடங்குக்குப் போய்விட்டது என்றார்கள். எடுத்த பொருளுக்குப் பட்டியல் உண்டா என்று கேட்டேன். "குப்பைக்கு எதுக்கு சார் லிஸ்ட்" என்று அந்த இளைஞர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். டி.சி.யின் நகல் வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனால், தொலைந்ததற்குக் காவல் நிலையத்தில் ஒரு சான்று வாங்கி வரச் சொன்னார்கள். காவல் நிலையத்தில் முதல் கேள்வி, முகவரி. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் என் வீட்டு முகவரியைச் சொன்னேன். அந்த ஒரு டி.சி.க்கு ஆறு வாரம் ஆயிற்று.

அதற்குள் ஐந்து குடும்பங்களும் இரண்டு தெரு தள்ளி, ஒரு மூடிக்கிடந்த அரிசி மண்டி வாசலுக்குப் போயிருந்தன. அந்தத் தெருக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். லாரி வந்தது. புகார் தீர்வு செய்யப்பட்டது. அங்கிருந்து பேருந்து நிலையத்துப் பின்பக்கம். அங்கேயும் புகார், அங்கேயும் தீர்வு. ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கியபோது எல்லாரும் மண்டபத்து மதிலோரம் திரும்பி வந்தார்கள். கணக்கில் மூன்று புகார்கள் தீர்ந்தன. ஒரு குடும்பம்கூட ஒரு கூரைக்குள் போகவில்லை. புகாருக்கு எண் உண்டு, கெடு உண்டு, அதை முடிக்காவிட்டால் மேலிருந்து கேட்க ஆள் உண்டு. நடைபாதையில் படுப்பவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. அதிகாரிகள் கல்நெஞ்சக்காரர்கள் என்பதால் இப்படி நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடம் நாம் கேட்டதே "அப்புறப்படுத்துங்கள்" என்பதுதான். கேட்டதைச் செய்தார்கள்.

அப்புறந்தான் படிக்க ஆரம்பித்தேன். நீதிமன்றத் தீர்ப்புகள், திட்ட வழிகாட்டிகள், கையில் கிடைத்ததெல்லாம்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு சேலத்துக்காரரின் கதை. நிலமில்லாத கூலி. ஊரில் பஞ்சம் வந்து பிழைப்பு போனதால் 1961-இல் பம்பாய்க்குப் போனவர். ஒரு ரசாயனக் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் போர்த்திய ஒரு மறைப்புக்காகக் குடிசை தாதா ஒருவனுக்கு 2,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். மனைவியும் மூன்று பெண்களும். 1981 ஜூலையில் மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே, நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப் போவதாக அறிவித்தார். கொட்டும் மழைக்காலம். இவருடைய மறைப்பைப் பிரித்து, குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியையும் மகள்களையும் சேலத்தில் விட்டுவிட்டு அவர் திரும்பவும் பம்பாய்க்குப் போய், திரும்பவும் ஒரு நடைபாதையில் இடம் பிடித்தார். வேலை அங்கேதானே இருந்தது.

ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் நடத்துகிறார்களே, அதில் மனுதாரர்களில் ஒருவர் இந்தச் சேலத்துக்காரர். ஓல்கா டெல்லிஸ் ஒரு பத்திரிகையாளர். 1985 ஜூலை 10-ஆம் தேதி தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும், ஏனென்றால் பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்ததற்குச் சமம். இந்த வரியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பு, நடைபாதை நடப்பதற்குத்தான், அதைக் காலி செய்ய மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. ஆனால் சாதாரணமாக முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், சொல்வதைக் கேட்க வேண்டும். மழை முடியும்வரை, 1985 அக்டோபர் 31 வரை, யாரையும் எழுப்பக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. தீர்ப்பைப் படித்தபோது எனக்கு முழுத் திருப்தி வரவில்லை. பிழைப்பு போனால் உயிர் போகும் என்று சொல்லிவிட்டு, அவகாசம் கொடுத்து எழுப்பு என்றால் என்ன செய்வது? ஆனாலும் நாற்பது வருடத்துக்கு முன் நீதிமன்றம் சொன்ன அந்தக் குறைந்தபட்ச முன்னறிவிப்புகூட எங்கள் தெருவில் நடக்கவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் இருந்த நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

சரி, கூரை எங்கே? பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு முன்பே தொடுத்திருந்த உணவு உரிமை வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. டெல்லியில் கடுங்குளிரில் ஒரு தற்காலிகக் காப்பகத்தை மாநகராட்சியே இடித்ததில் தொடங்கிய விவகாரம் அது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் அதிலிருந்து வந்தது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதையே திட்டமாக எழுதியது. லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் இடம். ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி. காற்றோட்டம், குடிநீர், கழிப்பறை, சமையலுக்கு வசதி, சாமான் வைத்துப் பூட்ட இடம். வேலை நடக்கும் இடங்களுக்குப் பக்கத்திலேயே காப்பகம் இருக்க வேண்டும். படித்துக்கொண்டே வந்தபோது, இதை எழுதியவர் யாரோ நடைபாதையில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசியவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

பணம் ஒதுக்கியும் பல மாநிலங்கள் செலவழிக்காமல் கிடந்ததால், 2016-இல் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் காம்பீர் தலைமையில் ஒரு குழுவை ஏற்படுத்திக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் சென்னை மாநகராட்சி மற்ற ஊர்களைவிட எவ்வளவோ மேல். ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்துகிறது. 2011 கணக்குப்படி சென்னையின் மக்கள்தொகை 67 லட்சத்தை ஒட்டி வரும், ஆகவே 67 காப்பகங்களாவது வேண்டும். அந்த 2011-க்குப் பிறகு ஊர் எவ்வளவு பெருத்திருக்கிறது என்பது வேறு கதை.

சென்னையில் எனக்கு மிகவும் பிடித்தது, அரசு மருத்துவமனை வளாகங்களில் திறந்த காப்பகங்கள். ஜி.எச். வாசலில் ஒருமுறையாவது இரவு இருந்தவர்களுக்குத் தெரியும். விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ மனைவியை ஆபரேஷனுக்கு அழைத்து வந்தவர் இருபது நாள் வராந்தாவிலும் பிளாட்பாரத்திலும் படுத்திருப்பார். ஊரில் அவருக்கு வீடு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, மாடுகூட இருக்கும். அந்த இருபது நாளும் அவர் வீடற்றவர். அதைப் புரிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குள்ளேயே இடம் கொடுத்தது பெரிய காரியம். இடம் சரியாக இருந்தால் ஆட்கள் தானாக வருகிறார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

எங்கள் ஊரிலும் ஒரு காப்பகம் இருக்கிறது. பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டரில், ஊருக்கு வெளியே. நேரில் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. கட்டில்கள், மின்விசிறி, மூன்று வேளைச் சோறு. பாதிக் கட்டில் காலி. "கூப்பிட்டா வர மாட்டேங்கறாங்க சார், ரோட்டுலயே பழகிட்டாங்க" என்றார் பொறுப்பாளர். இந்த வார்த்தையை நான் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். நானே சொல்லியும் இருக்கிறேன். அதனால் அந்த அம்மாவிடமே கேட்டேன், ஏன் போகவில்லை என்று.

அவர் விரல் மடக்கிச் சொன்னார். மண்டபத்தில் முகூர்த்தம் என்றால் ராத்திரி மூன்று மணிக்கு சமையல் மாஸ்டர் கூப்பிடுவார். பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் வேலை. ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் அந்த நேரத்துக்குப் பஸ் ஏது? அது ஆண்கள் காப்பகம், பெண்களுக்கு வேறு இடம். புருஷன் ஒரு பக்கம், இவரும் மகளும் ஒரு பக்கம், பதினான்கு வயதுப் பையன் இன்னொரு பக்கமா? பந்தல் வேலைக்குப் போகிற புருஷனின் கடப்பாறையையும் கயிற்றுச் சுருளையும் அங்கே உள்ளே விட மாட்டார்கள். அப்புறம் கடைசியாக, "அங்க போனா நாங்க அனாதைன்னு ஆயிடும் சார். எங்களுக்கு ஒருத்தருக்கொருத்தர் இருக்கோமே."

நடைபாதையில் இருப்பவர்களை நாம் தனி ஆட்களாகவே கற்பனை செய்துகொள்கிறோம். தாடி வளர்த்த ஒரு கிழவர், மனம் பேதலித்த ஒரு பெண். அப்படிப்பட்டவர்களும் உண்டு, அவர்களுக்கு வேண்டியது வேறு. வீடில்லாமல் தெருவில் திரியும் மனநோயுள்ள பெண்களுக்காக 1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் இளம் வயதிலேயே தொடங்கிய பான்யன் அமைப்பு, அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டியது. சாப்பாட்டோடு வைத்தியம், வைத்தியம் முடிந்தால் ஊரையும் சொந்தத்தையும் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ப்பது. பிறகு அரசே மாவட்டங்களில் மனநல மீட்பு மையங்களைத் திறந்தது. சென்னைக் காவல்துறை 2021-இல் தொடங்கிய காவல் கரங்கள், தெருவில் கிடப்பவர்களை மீட்டு இல்லங்களில் சேர்க்கிறது. இதெல்லாம் நடக்கிற நல்ல காரியங்கள். ஆனால் சென்னை வால்டாக்ஸ் ரோட்டிலும் பிராட்வேயிலும் மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே பிறந்து, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று வாழும் குடும்பங்களுக்கு மீட்பு தேவையில்லை. அவர்கள் காணாமல் போனவர்கள் இல்லை. மூட்டை தூக்கியும் பழம் விற்றும் பாத்திரம் தேய்த்தும் அந்த இடத்தோடு பிழைப்பால் கட்டப்பட்டவர்கள். அவர்களுக்கு வேண்டியது நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு. கூவத்தோரத்துக் குடிசைகளை எடுத்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோமே, வீடு கிடைத்தும் வேலை போய், பஸ் காசுக்கே கூலி சரியாகி, எத்தனை பேர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தார்கள்! பஸ் ஏற்றி அனுப்பப்பட்ட சேலத்துக்காரர் மாதிரியேதான்.

தமிழ்நாட்டில் இன்னும் 1945-ஆம் வருடத்துப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பொது இடத்தில் கை நீட்டினால் பிடித்துக்கொண்டுபோய் இல்லத்தில் அடைக்கலாம். இதே மாதிரியான பம்பாய்ச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை, டெல்லியைப் பொறுத்தவரை அரசியலமைப்புக்கு முரணானவை என்று 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நம்முடையது அப்படியே நிற்கிறது. நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர் பிச்சை எடுக்கிறாரா, களைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறாரா என்று முடிவு செய்வது அங்கே நிற்கிற அதிகாரியின் கண். இந்தச் சட்டம் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் வார்டில் பகுதி சபை கூடியது. 2022-இல் வந்த ஏற்பாடு, கிராமசபை மாதிரி. மாநகராட்சிப் பள்ளிக் கட்டடம் ஒன்று, பிள்ளைகள் குறைந்து பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்பட்டதால், பூட்டிக் கிடந்தது. அதில் குடும்பங்களுக்கான காப்பகம் வைக்கலாம் என்று கவுன்சிலரே சொன்னார். அரசியலில் இருப்பவருக்கு அது லேசான காரியம் இல்லை. அந்தக் கூட்டத்தில் ஓட்டு இருந்தவர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம்.

எங்கள் சங்கத்திலிருந்து பதினேழு பேர் போயிருந்தோம். ஒவ்வொருவராக எழுந்தார்கள். காப்பகம் நல்ல விஷயம்தான், ஆனால் இங்கே வேண்டாம். வீட்டு மதிப்பு இறங்கும். பெண்பிள்ளைகள் நடமாடுகிற இடம். பூங்கா வைக்கலாமே, நூலகம் வைக்கலாமே. ஆறு மாதம் முன்னால் இதே ஆட்கள், "அவங்களுக்கு ஒரு இடம் கொடுத்து அங்க வைக்க வேண்டியதுதானே" என்று சொன்னவர்கள். என் முறை வந்தது. மனுவை எழுதியவர் என்பதால் நான் நன்றாகப் பேசுவேன் என்று எதிர்பார்த்தார்கள்.

நான் எழுந்து, அந்த மனுவை எழுதியது தப்பு என்று சொன்னேன். எதைக் கேட்டிருக்க வேண்டுமோ அதைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டுவிட்டோம் என்றேன். நாற்றம் அடிக்கிறது என்றால் கழிப்பறை கேட்டிருக்க வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் இருட்டு என்றால் விளக்கு கேட்டிருக்க வேண்டும். குடித்துவிட்டுச் சண்டை போட்ட இரண்டு பேரும் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே இல்லை என்பதும், அன்றைக்கு அந்தப் பெண்கள்தான் பயந்து போய் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது, அதையும் சொன்னேன். கூட்டத்தில் சத்தம் வந்தது. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு நண்பர், இருபது வருடப் பழக்கம், "அப்ப உங்க வீட்டு வராந்தாவுல படுக்க வெச்சுக்கோங்க" என்றார். இன்றும் அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பள்ளிக் கட்டடத்தைப் பற்றிய தீர்மானம் தள்ளி வைக்கப்பட்டது. தள்ளி வைத்தது இன்னும் தள்ளித்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று நடந்தது. மண்டபத்திலிருந்து நூறு மீட்டரில் மாநகராட்சியின் கட்டணமில்லாக் கழிப்பறை இருக்கிறது. நன்றாகத்தான் பராமரிக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள், காலை ஆறுக்குத் திறப்பார்கள். அதாவது, அந்தக் குடும்பங்கள் தெருவுக்கு வருகிற நேரம் முழுக்க அது பூட்டியிருக்கும். இத்தனை வருடமாக இதை எங்களில் ஒருவரும் கவனித்ததில்லை. எங்களுக்கு வீட்டுக்குள் கழிப்பறை இருக்கிறது, எப்படிக் கவனிப்போம்? சுகாதார ஆய்வாளரைப் பார்த்துப் பேசினேன். இரவுக் காவலுக்கு ஆள் இல்லை என்றார். மதிலோரத்துக் குடும்பங்களே சாவியை வைத்துக்கொண்டு சுத்தம் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். எழுத்தில் தர முடியாது என்றார். எழுத்தில் வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை போனபோது ஒப்புக்கொண்டார். அந்த அம்மாவின் புருஷன் கையில் சாவி. வாசலில் ஒரு விளக்கும் போடவைத்தோம்.

ஒரு மாதத்தில் டீச்சர் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்தேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் வீட்டிலிருந்து ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸும் ஒன்பதாம் வகுப்பு நோட்ஸும் மதிலோரம் போய்ச் சேர்ந்தன.

வீடு வேண்டும் என்று மனு போட்டிருக்கிறோம், ஐந்து குடும்பங்கள் பேரிலும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு. முகவரிச் சான்று கேட்டு ஒருமுறை திரும்பி வந்தது. ஆதாருக்கு முகவரி, ரேஷன் கார்டுக்கு முகவரி, வீடு கேட்கிற மனுவுக்கே முகவரி. வீடு இல்லாதவர் வீடு கேட்க ஒரு வீடு வேண்டியிருக்கிறது. எங்கிருந்தாவது ஒரு தாளை முதலில் வாங்கியாக வேண்டும் என்று தேடியபோதுதான் தேர்தல் ஆணையத்தின் விதி ஒன்று அகப்பட்டது.

வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முகவரிச் சான்று தேவையில்லை. படிவம் 6-இல், தான் தூங்கும் இடத்தை எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்கு வந்து, அந்த ஆள் உண்மையிலேயே அங்கே தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு இரவு போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வந்து பார்க்க வேண்டும். இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இப்படித்தான். 2011-இல் பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு, ஒரே இரவில், ஊர் ஊராக நடைபாதையில் படுத்திருந்தவர்களை எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். இரவில் வந்து இங்கே ஒருவர் வசிக்கிறார் என்று எழுதிக்கொள்வதும் இதே அரசுதான். காலை ஆறு மணிக்கு லாரியோடு வந்து இங்கே குப்பைதான் இருக்கிறது என்று அள்ளுவதும் இதே அரசுதான்.

படிவங்களை நானே நிரப்பினேன். முகவரி என்ற கட்டத்தில், "கல்யாண மண்டபத்தின் பின்பக்க மதிலோரம், வாய்க்கால் கரை நடைபாதை" என்று எழுதி, கதவு எண் இடத்தில் ஒரு கோடு போட்டேன். "சமூக விரோதிகள்" என்று எழுதிய அதே பேனா.

எங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஓர் அங்கன்வாடி ஊழியர். பகலெல்லாம் குழந்தைகளோடு மல்லுக்கட்டிவிட்டு இந்த வேலையையும் பார்க்கிறார். ராத்திரி வரணுமா என்று முதலில் மலைத்தார். விதியைக் காட்டினேன். அவர் கணவர் வண்டியில் கூட்டிவருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு என்று பேச்சு.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நாளைக்கு ராத்திரி வருவார்கள், எல்லாரும் இங்கேயே இருங்கள், முகூர்த்தம் இல்லையே என்று. இல்லை சார், இருக்கிறோம் என்றார். மகள் டீச்சர் கொடுத்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு புதுவிளக்கு வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் கிளம்பியவன், அந்த அம்மா ஏதோ கேட்கத் தயங்குவதைப் பார்த்து நின்றேன்.

"சார், அவங்க வரும்போது நாங்க முழிச்சிருக்கணுமா? இல்ல, தூங்கிட்டு இருக்கறதத்தான் பாப்பாங்களா?"

எனக்கும் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.